பின்வரிசைக்கு ஒரு மடல்

அன்புள்ள எங்கள் வட்டாரத்து ஆர்க்கெஸ்ட்ராவே,

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, மழைக்கு ஒதுங்கியவள் மாதிரி உன் கச்சேரிக்கு வந்தேன். மாதிரிதான். நூலக வாசலில் ஒட்டியிருந்த உன் நோட்டீஸை மூன்று வாரமாக நின்று நின்று படித்துவிட்டுத்தான் வந்தேன். வடமேற்கு லண்டனுக்குக் குடிவந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் உன் தேவாலயத்தின் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன், ஒரு முறைகூட இறங்கியதில்லை. அது வேறு யாருக்கோ உரிய சங்கீதம் என்று ஓர் எண்ணம். பதினைந்து பவுண்டு கொடுத்தேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு மடித்த தாளை நீட்டி, "தூணுக்குப் பின்னால் மட்டும் உட்காராதீர்கள்" என்றார். கடைசிக்கு முந்தைய பெஞ்சில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன். கழற்றியிருந்தால் விறைத்திருப்பேன்.

ஆர்க்கெஸ்ட்ராவே, நீ வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே முதல் கடன் ஏறிவிட்டது. சளசளவென்று ஆளுக்கொரு பக்கம் உரசிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருந்த உன் ஆட்கள் சட்டென்று அடங்கினார்கள். நடுவிலிருந்து ஓர் ஓபோ, மெலிந்த குரலில் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்தது. நொடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் இதே லண்டனில் கூடிய ஒரு சர்வதேச மாநாடு வகுத்துவைத்த ஸ்வரம். ஓபோவின் குரல் எந்தக் கூட்டத்தையும் துளைத்துக்கொண்டு கேட்கும். நினைத்தபடி ஏற்றி இறக்க அதற்கு வராது. ஆகவே மற்றவர்கள்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். அறுபது பேரும் அதன் மேல் வந்து ஒட்டினார்கள். சுருதி சேர்க்கிறார்கள்! என் கை தானாக மடியில் போய் விரல்களை அசைத்தது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நாற்பது வருடமாகத் தொடாத தம்பூராவின் நான்கு தந்திகள்.

ஆர்க்கெஸ்ட்ராவே, உன்னிடம் சொன்னால் என்ன. மாயவரத்தில் என் அத்தை கச்சேரி செய்பவர். பெரிய பெயர் இல்லை. சுற்றுவட்டாரக் கோவில்கள், கல்யாண வரவேற்புகள், நவராத்திரி. எட்டு வயதில் என்னை வயலின் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, "இதுக்குக் கை வராது, பணத்தை வீணாக்காதீங்க" என்றார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அன்றிலிருந்து அத்தைக்குப் பின்னால் தம்பூரா போடும் பெண் ஆனேன். பாவாடை சட்டையோடு மூன்று மணி நேரம். கால் மரத்துப்போகும், மாற்றி உட்காரக்கூடாது. நோட்டீஸில் அத்தை பெயர் இருக்கும், வயலின்காரர் பெயர் இருக்கும், மிருதங்கக்காரர் பெயர் இருக்கும். என் பெயர் இருக்காது. போட்டோவில் தம்பூராவின் கழுத்தும் என் ஒரு காதும் விழுந்திருக்கும்.

எங்கள் மொழி ஒன்று செய்திருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ராவே, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாகஸ்வரத்துக்குச் சுருதி தாங்க ஒத்து என்று ஒரு குழல் உண்டு; ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சுயபுத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறவனை நாங்கள் 'ஒத்து ஊதுகிறான்' என்போம். பஜனையில் தாளம் பிசகாமல் காப்பது ஜால்ரா. முகஸ்துதி செய்கிறவனும் எங்களுக்கு 'ஜால்ரா'தான். 'பின்பாட்டு' என்பதற்கும் அதே கதி. பின்னால் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்கிறவர்களின் தொழில்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலர் 'ஒத்து' என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பூராவுக்கும் ஒத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள். நான் திருத்தவில்லை.

அந்தக் காதோடுதான் உன் முன்னால் வந்து உட்கார்ந்தேன், ஆர்க்கெஸ்ட்ராவே. கண் பழக்கதோஷத்தில் பாடகரைத் தேடியது. நடுவில் நிற்கிறவர் வாயைத் திறக்கவில்லை. குச்சியை வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வயலின் வரிசைகளில் யாரும் தனியாகத் தெரியவில்லை. வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தரையில் உட்கார்ந்து, வயலினைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். இங்கே தாடைக்கு அடியில். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இது: பக்கம் முடியும் இடம் வரும்போது உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பை விட்டுவிட்டுக் கைநீட்டித் தாளைப் புரட்டுகிறார். வெளிப்பக்கத்தவர் நிறுத்தாமல் வாசிக்கிறார். அந்த இரண்டு நொடி மௌனமும் முறைப்படி ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. உன் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி ஸ்டாண்டில் சாம்பல்நிறக் கொண்டை போட்ட ஓர் அம்மாள் இருந்தார். அவர் பக்கம் புரட்டியதைத்தான் அன்று அதிகம் பார்த்தேன். புரட்டியதும் வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன், மற்ற வில்கள் மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்று ஒரு பார்வை. பிறகு அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டார், ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் மாதிரி.

ஆர்க்கெஸ்ட்ராவே, இடைவேளையில் நீ எனக்கு ஒரு காகிதக் கோப்பையில் தேநீரும், கேட்காமலேயே ஒரு காட்சியும் கொடுத்தாய். தேநீரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கோப்பையோடு மேடைப்பக்கம் போனவள் ஒரு செல்லோ ஸ்டாண்டில் எட்டிப் பார்த்தேன். வாடகைக்கு வந்த தாள்களாம்; பதிப்பகத்திலிருந்து வரும், வாசித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்வரங்களுக்கு மேலும் கீழும் பென்சில் கிறுக்கல். வில் ஏறும் இடத்துக்கு ஒரு குறி, இறங்கும் இடத்துக்கு ஒரு குறி. வேகம் மாறும் இடத்தில் ஒரு ஜோடி மூக்குக்கண்ணாடியின் படம். தலையை நிமிர்த்திப் பார் என்று அர்த்தமாம். ஒரு கை அழுத்தி எழுதியிருக்கிறது, இன்னொன்று நுனியால் தொட்டிருக்கிறது, சில இடங்களை யாரோ அரைகுறையாக அழித்திருக்கிறார்கள். இதே தாளை வைத்து எந்தெந்த ஊர்களிலோ வாசித்தவர்கள் அடுத்து வருகிறவருக்கு விட்டுப்போன சேதி. யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அதற்கு முன் பாதியில் நீ வாசித்த செல்லோ கான்செர்ட்டோவுக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஆர்க்கெஸ்ட்ராவே. எட்வர்ட் எல்கர் எழுதியது. தனி வாசித்த பெண் இன்னும் இசைக்கல்லூரியில் படிக்கிறாளாம். தொடக்கத்திலேயே செல்லோ தனியாக ஆழத்திலிருந்து நான்கு கனத்த கூட்டுஸ்வரங்களை எடுத்து வைக்கிறது. வேறு யாரும் அதற்கு முன் வாய் திறப்பதில்லை. 1919 அக்டோபர் 27-இல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் எல்கரே நடத்தி இது முதலில் அரங்கேறியபோது சொதப்பியது. அதே நிகழ்ச்சியில் மற்ற உருப்படிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தை விழுங்கிவிட்டார். எல்கருக்கு மிஞ்சியது சொற்பம். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கே அந்த கதி என்றால், உன் இரண்டாவது ஹார்ன் அன்று ஓரிடத்தில் தொண்டை கட்டிய சேவல்போல் ஆனதைப் பெரிதுபடுத்த நான் யார்? ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்று அந்தச் சொதப்பலின் நடுவே, செல்லோ வரிசையில் ஒருவனாக ஒரு பத்தொன்பது வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். பெயர் ஜான் பார்பிரோலி. 1965-இல், பார்பிரோலி நடத்த, இருபது வயது ஜாக்லீன் டு பிரே தனி வாசிக்க, அதே லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா பதிவுசெய்த இசைத்தட்டுதான் இந்தக் கான்செர்ட்டோவை உலகத்தின் வீடுகளுக்குள் கொண்டுபோனது. நாற்பத்தாறு வருடம் முன்னால் வரிசைக்குள் உட்கார்ந்து கேட்ட காது, பார்பிரோலியின் காது.

பின்வரிசை வம்சாவளி அங்கே தொடங்கவில்லை, ஆர்க்கெஸ்ட்ராவே. வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டியதில் தெரிந்தது. 1884-இல் வூஸ்டர் நகரத்து இசைவிழாவுக்கு பொஹிமியாவிலிருந்து அந்தோனின் த்வோர்ஷாக் வந்து தன் படைப்புகளைத் தானே நடத்தினார். முதல் வயலின் வரிசையில் உட்கார்ந்து அவர் குச்சிக்கு வில் இழுத்த உள்ளூர்க்காரர்களில் ஒருவர் எல்கர். அப்போது வயது இருபத்தேழு. பியானோ சுருதி சேர்ப்பவரின் மகன். ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. குச்சி பிடித்த த்வோர்ஷாக்கோ, இறைச்சிக்கடையும் விடுதியும் வைத்திருந்தவரின் மகன். 1862 முதல் ஏறக்குறைய ஒன்பது வருடம் பிராகில் ஒரு நாடகக் கொட்டகை ஆர்க்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்து வயிறு வளர்த்தவர். வியோலா என்றால் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில், யார் காதிலும் தனியாக விழாத குரல். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரிக்க வைத்திருப்பதும் வியோலாக்காரர்களைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆக, ஜால்ராவைத் திட்டுவது எங்கள் ஊரோடு நிற்கவில்லை.

அந்த வியோலாக்காரர் எழுதிய ஒன்பதாம் சிம்பொனியைத்தான் இரண்டாம் பாதியில் நீ எனக்குக் கொடுத்தாய், ஆர்க்கெஸ்ட்ராவே. நியூயார்க்கின் இசைக்கல்லூரி ஒன்றுக்குத் தலைவராகப் போன இடத்தில் எழுதினார். ஹாரி பர்லே என்ற கறுப்பின மாணவர் அவர் வீட்டுக்குப் போய்த் தன் மக்களின் பாடல்களைப் பாடிக்காட்டுவாராம். 1893 டிசம்பரில் கார்னகி ஹாலில் அரங்கேற்றம். வரலாறு இவ்வளவு போதும். இரண்டாம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் மெல்ல ஒரு கதவைத் திறந்துவிட்டு விலகிக்கொள்ள, இங்கிலீஷ் ஹார்ன் தனியாக எடுத்தது. கா பா பா, கா ரீ சா, ரீ கா பா கா ரீ. மோகனம்! பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ராகம் கண்டுபிடித்த பெருமையில் பக்கத்தில் திரும்பினால், அங்கே ஒரு கிழவர் கண்ணை மூடியிருந்தார். யாரிடம் சொல்ல? அடுத்த வரியில் நிஷாதம் ஒன்று எட்டிப் பார்த்தது: தா ஸா ஸா, நீ பா தா. மோகனத்தில் அதற்கு இடமில்லை. அத்தையாக இருந்தால் புருவத்தைத் தூக்கியிருப்பார். எனக்கோ, கல்யாண வீட்டில் கூப்பிடாமல் வந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அப்போதே அது பிடித்துப்போயிற்று.

ஆர்க்கெஸ்ட்ராவே, அந்தப் பகுதியின் முடிவில் நீ ஒரு காரியம் செய்தாய். தந்தி வாத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சிலபேர் மட்டும் அதே பாட்டை எடுத்தார்கள், நடுவில் நின்றது. எடுத்தார்கள், மறுபடி நின்றது. தாள் கைதவறிவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, த்வோர்ஷாக்கே அப்படித்தான் எழுதியிருக்கிறார். பேச ஆரம்பித்துத் தொண்டை அடைத்து நிறுத்துகிறவரைப்போல. கடைசியில் எல்லோரும் போய்விட, டபுள் பேஸ்கள் மட்டும் தரையோடு தரையாக ஒரு கூட்டுஸ்வரத்தைப் பிடித்து முடித்தன. உன்னிடம் மூன்றே பேஸ்தான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வில்லை எடுத்தார்கள்.

எனக்கு அத்தை நினைவு வந்தது. ஒரு சிவராத்திரிக் கச்சேரி. பன்னிரண்டு வயதிருக்கும். தம்பூரா மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். விரல் நின்றது. அத்தை திரும்பவில்லை, பாட்டும் பிசகவில்லை. மிருதங்கக்காரர்தான் தொடையைத் தட்டி எழுப்பினார். வீட்டுக்கு மாட்டுவண்டியில் வரும்போது திட்டுக்குக் காத்திருந்தேன். அத்தை சொன்னது ஒன்றுதான்: "நீ நிறுத்தினதும் காலுக்குக் கீழே தரை போன மாதிரி ஆயிடுச்சுடி." அதையும் திட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன், உன்னுடைய அந்த மூன்று பேஸ்களைக் கேட்கும் வரை.

ஆர்க்கெஸ்ட்ராவே, உன் சிம்பல்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் எழுதியதே வீண். மடித்த தாளில் இருந்த குறிப்பு முன்பே காட்டிக்கொடுத்திருந்தது: முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த இந்தச் சிம்பொனியில் சிம்பலுக்கு ஒரே ஓர் அடி, கடைசிப் பகுதியில். டியூபாவுக்கும் இரண்டாம் பகுதியில் சில ஸ்வரங்களோடு சரி. மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். கான்செர்ட்டோவில் அவருக்கு வேலையே இல்லை. சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் கொஞ்ச நேரம் டிரையாங்கிள் தட்டினார். பிறகு கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பகுதி பித்தளைகளோடு எழும்பியதும் நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். அவர் எழுந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். தட்டுகளைத் தூக்கினார். குச்சிக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. பெருத்த ஓசை வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வந்ததோ, பட்டுப்புடவையை உதறினால் வருமே, அவ்வளவுதான். அடக்கமாக அடிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறதாம். தட்டுகளை மார்பில் ஒற்றி ஓசையை அணைத்துவிட்டு, துணி விரித்த மேசையில் சத்தமில்லாமல் வைத்து, உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி. கைதட்டல் வாங்கிய அத்தையிடம்கூட அந்த அளவு திருப்தியைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அவரை ஜால்ரா என்போம். சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லை இனி வசையாகச் சொல்ல எனக்கு வராது.

நீ முடித்த விதத்துக்கும் ஒரு நன்றி, ஆர்க்கெஸ்ட்ராவே. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு மங்களம் பாடுவதுபோல் ஓங்கி முடிப்பாய் என்றுதான் பார்த்தேன். கடைசி அடியில் தந்திகள் வெட்டிவிட்டு விலக, ஊதுகிறவர்கள் மட்டும் ஒரு கூட்டுஸ்வரத்தைப் பிடித்து, தேயவிட்டு, தேயவிட்டு, இருக்கிறதா இல்லையா என்ற இடத்தில் விட்டார்கள். யாரும் கைதட்டவில்லை, ஒரு மூச்சு நேரம். வெளியே பேருந்து போகிற சத்தம் கேட்டது. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டும் "ஆஹா" என்று தலையாட்டியும் வளர்ந்தவள் நான். பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக்கூடாது என்ற உன் ஊர் வழக்கம் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. இரண்டாம் பகுதி முடிந்ததும் கையைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தது கொடுமை. இதே பகுதி முடிந்ததும் கார்னகி ஹால் கைதட்டி, த்வோர்ஷாக் எழுந்து நின்று வணங்கினாராம். அவர்களுக்கு இருந்த கொடுப்பினை எனக்கு இல்லை. ஆனால் கடைசியில் கிடைத்த அந்த ஒரு மூச்சு நேரத்தை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் நீ கலைந்ததையும் நின்று பார்த்தேன், ஆர்க்கெஸ்ட்ராவே. சாம்பல்நிறக் கொண்டை அம்மாள் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்காலிகளை நான்கு நான்காக அடுக்க ஆரம்பித்தார். செல்லோ வாசித்த ஒருவர், பகலில் பல் வைத்தியராம், ஸ்டாண்டுகளை மடக்கினார். சிம்பல்காரரும் இன்னொருவரும் டிம்பனியைப் போர்வையில் சுற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். வாடகை வேன் பத்தரைக்குள் கிளம்ப வேண்டுமாம். நானும் நான்கு நாற்காலி அடுக்கினேன். "புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா, எந்த வாத்தியம்?" என்று கேட்டார் அந்த அம்மாள். தம்பூரா என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். "ஓ, மற்றவர்கள் தொலைந்துபோகாமல் இருக்க," என்றார்.

உன் அடுத்த கச்சேரி மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று மடித்த தாளின் பின்பக்கம் போட்டிருக்கிறது. மத்தியான ஒத்திகைக்கு முன் நாற்காலி போட ஆள் வேண்டும் என்றும் சின்ன எழுத்தில் இருக்கிறது. இரண்டரை மணிக்கு வந்துவிடுகிறேன். வேன் பின்வாசலுக்கு வரும் என்றார்கள். அந்தக் கதவு இறுகிக்கொள்கிறது, பார்த்தேன். அதை நான் பிடித்துக்கொள்கிறேன்.